சிவப்புக்கு அடியில் பச்சை

இந்தப் பையை நான் மடியிலேயே வெச்சுக்கறனுங்க. மேல பலகையில போட்டா, யாரு எந்த ஸ்டாப்புல எடுத்துட்டு எறங்கறாங்கன்னு பார்த்துட்டே வரணும். உங்களைச் சொல்லலைங்க, பொதுவாச் சொல்றேன்.

நான் முப்பத்தொரு வருஷம் கணக்கு டீச்சர். பரீட்சைக் காலத்துல பறக்கும் படையில போவேன். ஹாலுக்குள்ள கால் வெச்சதுமே எந்தப் புள்ளை எந்த மடிப்புல என்ன வெச்சிருக்குதுன்னு தெரிஞ்சு போகும். எங்கூட்டுக்காரரு இருந்தவரைக்கும் சொல்லுவாரு, "கோகிலா, சாமி கும்புடப் போனாக்கூட நீ உண்டியல் பூட்டை இழுத்துப் பார்த்துட்டுத்தான் கும்புடுவே"ன்னு. பார்க்கறதுல என்னங்க தப்பு?

குடிமங்கலத்துல எறங்கிருவனுங்க. அங்கிருந்து கொள்ளுப்பாளையம். அங்க யாரு இருக்காங்கன்னு கேக்கறீங்க. சொந்தமில்லீங்க. என்ன உறவுன்னு கேட்டா ஒரு வார்த்தையில சொல்லத் தெரியலை. பல்லடம் தாண்டறதுக்குள்ள ஆரம்பிச்சா, எறங்கறதுக்குள்ள சொல்லி முடிச்சிருவேன்.

என்ற அப்பாவுக்கு அவினாசியில ஜின்னிங் மில்லுங்க. பெரிய மில்லு இல்லை, ஆனா பேரு உண்டு. எழுபத்திரண்டுல டில்லியிலிருந்து ஒரு அமெரிக்கா காரு வாங்கிட்டு வந்தாரு. தூதரகத்துல இருந்த ஆளு ஊருக்குத் திரும்பறப்ப வித்துட்டுப் போனதாம். ரெண்டே கதவு, மூக்கு மட்டும் ரெண்டு ஆள் நீளம், எட்டு சிலிண்டர். கெளப்பினா கோயில் பொறா எல்லாம் பறக்கும். அதுக்கு ஒரு பேரு இருக்குது, என்ற தம்பி வாய் நெறையச் சொல்லுவான். எனக்கு அது அப்பா காரு, அவ்வளவுதான். செவப்புக் காரு. நல்ல குங்குமச் செவப்பு.

அப்பா போயி ரெண்டு வருஷம் ஆகுதுங்க. காரு பஞ்சு குடோனுக்குள்ள தார்ப்பாய் போட்டு அப்படியே நின்னுட்டிருந்துச்சு. போன வருஷம் ஆடியில தம்பி வந்தான். பேரு தீர்த்தகிரி. எனக்கும் அவனுக்கும் ஒம்பது வருஷம் வித்தியாசம். "அக்கா, அப்பா காரைப் பழையபடி பண்ணலாம்னு இருக்கேன்"னான்.

எனக்கு அப்பவே சுருக்குனுச்சு. ரெண்டு பேருக்கும் பாத்தியப்பட்ட சொத்து. பழையபடி பண்ணறேன்னு பிரிச்சுப் போட்டா, எது எங்க போகுதுன்னு யாருக்குத் தெரியும்? இன்னிக்கு அந்த மாதிரி காருக்குப் பைத்தியம் புடிச்சு அலையறவங்க இருக்காங்களாம்ல. "சரி சாமி, பண்ணு. ஆனா நான் வாராவாரம் வந்து பார்ப்பேன்"னேன். அவன் மூஞ்சி ஒரு மாதிரி போச்சு. குறிச்சு வெச்சுக்கிட்டேன்.

வேலைக்குப் போத்தனூர்ல இருந்து சவரிராஜ்னு ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தான். அறுபது வயசு இருக்கும், மெலிஞ்ச ஆளு. அதிகம் பேசமாட்டாரு. அதிகம் பேசாதவங்களை நான் எப்பவுமே ரெண்டு தரம் பார்ப்பனுங்க.

மொதல் செவ்வாக்கெழமை போறேன், காரைத் தூக்கி நிறுத்தி அடியில படுத்துட்டு போட்டோ எடுத்துட்டு இருக்காரு. எதைன்னு குனிஞ்சு பார்த்தா, பெயிண்டு ஒழுகிக் காஞ்சு நிக்கற எடத்தை.

"ஏனுங்க, நல்லா இருக்கற எடத்தை விட்டுட்டு ஒழுகலைப் போயி போட்டோ எடுக்கறீங்க?"

"அம்மா, இது ஃபேக்டரியிலயே ஒழுகுனதுங்க. நான் திருப்பி அடிக்கறப்ப இதே எடத்துல, இதே நீளத்துக்கு ஒழுக விடணும்."

"ஒழுக விடறதுக்கு எதுக்குங்க உங்களை அத்தனை தூரத்துல இருந்து கூப்புடணும்? எங்க ஊருப் பையன் அடிச்சாலே ஒழுகுமே."

அவரு சிரிக்கலை. தம்பிதான் வெளக்கினான். பழைய காருங்களுக்குப் போட்டி நடக்குமாம். ஜட்ஜுங்க பளபளப்பைப் பார்க்கமாட்டாங்களாம். டார்ச்சும் கண்ணாடியும் எடுத்துட்டு அடியில படுத்துப் பார்ப்பாங்களாம். கம்பெனியில அன்னிக்கு அவசரத்துல அடிச்சவன் எங்க தெளிச்சான், எங்க விட்டான், சோதிச்சவன் சாக்பீஸ்ல எங்க கோடு போட்டான், எல்லாம் அப்படி அப்படியே இருக்கணுமாம். அதைவிட அழகா அடிச்சாலும் மார்க்கு போயிருமாம். கேட்டுக்கிட்டேன். நம்பலை. வேலையை அரைகுறையாச் செய்யறதுக்கு நல்ல சாக்கு கண்டுபுடிச்சிருக்காங்கன்னு நினைச்சேன்.

அப்பத்தான் கவனிச்சேன். அந்த ஒழுகல் செவப்பு இல்லை. பச்சை. கரும்பச்சை.

"இது என்னங்க பச்சை?"

"இதுதானுங்கம்மா ஒரிஜினல். செவப்பு பின்னாடி அடிச்சது. மேலாலதான் அடிச்சிருக்காங்க, அடியில அடிக்கலை."

பஸ் ஏறி ஊட்டுக்கு வந்துட்டேன். அன்னிக்குப் பூரா அந்தப் பச்சைதான் மனசுல ஓடுச்சு. ஏன்னா அப்பா என்ற கிட்டவே எத்தனையோ தரம் சொல்லியிருக்காரு, "வாங்கினப்பவே இந்தக் கலருதான் கண்ணு"ன்னு. வாங்கறப்ப எனக்கு ஆறு வயசு, எனக்குன்னு தனியா ஞாபகம் இல்லை, அவரு சொன்னதுதான் ஞாபகம். அப்பா பொய் சொல்லமாட்டாரு. அப்ப பொய் எங்க இருக்குது? காருலதான் இருக்கணும். இது அப்பா காரே இல்லை! தம்பி நல்ல காரைக் கை மாத்திட்டு, எங்கிருந்தோ ஒரு பச்சைக் காரைக் கொண்டாந்து நிறுத்தி, எனக்குக் கதை சொல்றான்.

சிரிக்காதீங்க. உங்களுக்கு அந்த நேரத்துல என்ன தோணியிருக்கும்?

ஆதாரம் தேடுனேன். பழைய ஆல்பத்தை எடுத்தேன், எல்லாம் கருப்பு வெள்ளைப் போட்டோ. அப்பா பீரோவுல ஆர்.சி. புக்கு கெடைச்சுது. கலர்னு போட்டு 'சிவப்பு'ன்னு தெளிவா எழுதியிருக்குது. எடுத்துட்டு நேரா குடோனுக்குப் போனேன்.

"பாரு தம்பி. அரசாங்கமே எழுதிக் குடுத்திருக்குது."

அவன் வாங்கிப் பார்த்தான். "அக்கா, இது டூப்ளிகேட் புக்கு. மேல முத்திரை இருக்குது பாரு. எழுபத்திநாலு மார்ச்சுல வாங்கினது. மொதப் புக்கு தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் குடுத்து வாங்கியிருக்காரு அப்பா."

"புக்கு தொலையறது ஊரு உலகத்துல நடக்கறதில்லையா?"

கதவோரத்துல ஒரு தகட்டைக் காட்டுனான். கம்பெனிக்காரன் அடிச்ச நம்பராம், அதுல கலருக்கும் ஒரு எழுத்து இருக்குதாம், அது பச்சைதானாம். "தகடு மாத்தறதுக்கு எத்தனை நேரமாகும்?"னு கேட்டேன். அவனுக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. அதையும் நடிப்புன்னுதான் நினைச்சேன். அம்பது வயசு ஆம்பளை எதுக்கு அழுகணும்?

சவரிராஜ் அப்பத்தான் வாயைத் தொறந்தாரு. "அம்மா, இங்க வந்து பாருங்க"ன்னு முன்பக்க எடது மட்கார்டுக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஒரு ரூவாக்காசு அகலத்துக்குத் தேய்ச்சு வெச்சிருந்தாரு. மரத்தை வெட்டுனா வளையம் வளையமாத் தெரியுமல்ல, அப்படி. மேல செவப்பு, அடியில சாம்பல், அதுக்கடியில பச்சை, அப்புறம் காவி, அப்புறம் தகரம். அடுத்தாப்புல வலது மட்கார்டைக் காட்டுனாரு. செவப்பு, சாம்பல், பள்ளம் நெரப்பற பட்டிப் பூச்சு, தகரம். அவ்வளவுதான். பச்சையே இல்லை.

"வண்டி பூரா பச்சை இருக்குதுங்க. இந்த ஒரு மூலையில மட்டும் இல்லை. இது இங்க உள்ளூர்ல தட்டிச் செஞ்சு மாட்டின மட்கார்டு. லைட்டுக் கிண்ணமும் கையில அடிச்சதுதான்."

"ஆக, ரெண்டு வண்டியை ஒட்ட வெச்சிருக்கீங்க!"ன்னேன்.

"இல்லீங்கம்மா. இந்தப் பக்கம் எதுலயோ பலமா மோதியிருக்குது. அதைச் சரி பண்ணுன கையோட வண்டி பூரா கலர் மாத்தியிருக்காங்க. மட்கார்டுக்காக மட்டும்னா, பச்சையவே அடிச்சிருக்கலாம்"னாரு.

அவரு சொன்னது அதோட சரி. நான் இன்னொரு கணக்குப் போட்டேன். அப்பாகிட்ட டிரைவரா இருந்த சென்னியப்பண்ணன் சேவூர்ல மகன் ஊட்டுல இருக்காருன்னு தெரியும். எம்பத்திரண்டு வயசு. அவரு ஒருத்தரு வந்து "ஐயா காரு ஆரம்பத்துல இருந்து செவப்பு"ன்னு சொன்னா, தம்பியோட வண்டவாளம் அத்தனையும் தெரிஞ்சு போகும். போனேன்.

கட்டல்ல சாஞ்சு உக்காந்திருந்தாரு. என்னைப் பார்த்ததும், "வாங்க அம்மிணி"ன்னு எந்திரிக்கப் பார்த்தாரு. உக்காரச் சொல்லிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயா போனதுக்கப்புறம் வந்து கேக்கறீங்களே அம்மிணி."

"இப்பத்தானுங்கண்ணா தேவைப்படுது."

"காரு பச்சைதான். நாந்தான் கோயமுத்தூரு கொண்டுபோயி விட்டு, எட்டு நாள் கூடவே இருந்து செவப்பு அடிச்சுக் கொண்டாந்தேன்."

"எதுக்கு?"

"உங்களுக்குத் தெரியாதா? நீங்களும் அந்த வண்டியில இருந்தீங்களே."

ஒரு தையில பழனி போயிட்டு வந்தோம், எனக்கு எட்டு வயசு. அன்னிக்கு டிரைவர் லீவு, அப்பாவே ஓட்டுனாரு. அம்மா முன்னாடி, நான் பின்சீட்டுல. வெடியால நேரம், பனி. டமார்னு ஒரு சத்தம். அப்பா வண்டியை நிறுத்தலை. அம்மா வாயில முந்தானையை வெச்சு அமுத்திக்கிட்டாங்க. "என்னப்பா?"ன்னு கேட்டேன். "கன்னுக்குட்டி கண்ணு. குறுக்க வந்துருச்சு"ன்னாரு. நான் ஊடு வர்ற வரைக்கும் அழுதேன். அந்தக் கன்னுக்குட்டிக்கு வெள்ளைச்சின்னு பேருகூட வெச்சு, ரொம்ப நாள் அதுக்காகச் சாமி கும்புட்டேன்.

"கன்னுக்குட்டிதானுங்கண்ணா? எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. மோதறதுக்கு முன்னாடி கழுத்து மணி சத்தம் கேட்டுச்சு."

சென்னியப்பண்ணன் என்ற மூஞ்சியைப் பார்க்கலை. "அது காவடி மணி அம்மிணி"ன்னாரு.

...தண்ணி இருக்குதுங்களா? இல்லை, வேண்டாம், என்ற கிட்டயே இருக்குது.

அப்புறம் அவரே சொன்னாரு. பழனிக்கு நடந்து போன ஆளு. கொள்ளுப்பாளையம் நாச்சிமுத்து. மூணு நாள் ஆஸ்பத்திரியில கெடந்து செத்துப் போயிட்டாரு. கூடப் போன ஒருத்தன் பச்சைக் காருன்னு சொல்லியிருக்கான். போலீஸ்காரங்க மில்லுக்கு வந்தப்ப, அங்க செவப்புக் காரு நின்னுச்சு. பழைய கலரைப் பத்தி மில்லு ஆளுங்க யாரும் வாயைத் தொறக்கலை. காப்பி குடிச்சுட்டுப் போயிட்டாங்க. அடுத்த வருஷத்துல இருந்து அப்பா தைப்பூசத்துக்குக் குடிமங்கலத்துல அன்னதானப் பந்தல் போட ஆரம்பிச்சாரு. சாகற வரைக்கும் போட்டாருங்க. மில்லு மொதலாளி, தரையில உக்காந்துட்டு, நடந்து வர்றவங்க காலை எடுத்து மடியில வெச்சுத் தைலம் தேய்ப்பாரு. நான் அதைப் பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கெல்லாம் பெருமையாச் சொல்லியிருக்கேன்.

ஆனா அன்னிக்கு என்ற வாயில என்ன வந்துச்சு தெரியுங்களா? "இப்படிச் சொல்லச் சொல்லித் தம்பி உங்களுக்கு என்ன குடுத்தான்?"னு கேட்டேன். எம்பத்திரண்டு வயசு மனுசனை. அவரு கோவிச்சுக்கலை. "பொய்யின்னா கொள்ளுப்பாளையம் போயி கேட்டுப் பாருங்க அம்மிணி. அந்த ஊரு எங்கயும் ஓடிப் போகலை"ன்னாரு.

போறதுக்கு ஒரு மாசம் ஆச்சுங்க. அந்த ஒரு மாசமும் இந்தக் கணக்கை நான் எத்தனையோ விதமாப் போட்டுப் பார்த்தேன். சென்னியப்பண்ணனுக்கு வயசாயிருச்சு, ஞாபகம் தப்புதுன்னு வெச்சுப் போட்டேன். அம்மா அதுக்கப்புறம் அந்தக் காருல ஏறினதே இல்லை, அதை நான் அதுவரைக்கும் யோசிச்சதில்லை. அப்பாவும் பந்தல் போட்டாரே தவிர, அதுக்கப்புறம் பழனி மலை ஏறினதே இல்லை. எப்படிப் போட்டாலும் அதே விடைதான்.

கொள்ளுப்பாளையத்துல நாச்சிமுத்துவோட மகளைக் கண்டுபுடிச்சேன். துளசிமணின்னு பேரு, என்னைவிட அஞ்சு வயசு சின்னவங்க. வாசல்லயே நிக்க வெச்சுத்தான் பேசுனாங்க. நான் மெதுவா ஆரம்பிச்சேன், உங்க அப்பா விஷயமா, அந்த விபத்து விஷயமான்னு.

"நீங்க யாரு? எந்த ஆபீஸ்?"

"ஆபீஸெல்லாம் இல்லீங்க."

"நெலத்து விஷயமா? எந்த சர்வே நம்பரு? எங்கயும் கையெழுத்துப் போடமாட்டோம்னு போன மாசமே சொல்லி அனுப்பிட்டனே."

"நெலமில்லீங்க. உங்க அப்பாவை மோதினது எங்கப்பா காரு."

"எங்கப்பாவை அடிச்சது லாரி. போலீஸ்ல லாரின்னுதான் எழுதியிருக்குது. அம்பது வருஷம் கழிச்சு வந்து காருன்னு சொல்றீங்க. உங்களுக்கு என்ன வேணும்? அதை மொதல்ல சொல்லுங்க."

நான் என்னத்தைச் சொல்லறது? எனக்கு ஒண்ணும் வேண்டாம்னு சொன்னா யாராச்சும் நம்புவாங்களா? நானே நம்பமாட்டனே. வெய்யலு மண்டையைப் பொளக்குது. "பச்சைக் காருங்க. ரெண்டு கதவு"ன்னேன்.

அந்தப் பொண்ணு அப்படியே நிலையைப் புடிச்சுக்கிட்டாங்க. அப்புறம் ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து குடுத்துட்டுச் சொன்னாங்க.

கூடப் போனது நாச்சிமுத்துவோட தம்பி, தெய்வசிகாமணி. அப்ப இருபத்திநாலு வயசு. அண்ணனைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினதும் அவருதான். "பச்சைக் காரு, நீட்டு மூக்கு, ரெண்டு கதவு"ன்னு போலீஸ்ல சொல்லியிருக்காரு. அந்த மாதிரி காரு இந்தச் சுத்துவட்டாரத்துலயே ஒண்ணே ஒண்ணுதான், அது செவப்பு, நீ எதுக்குப் பொய் சொல்றேன்னு அவரையே ரெண்டு நாள் ஸ்டேஷன்ல வெச்சு அடிச்சிருக்காங்க. அண்ணன் தம்பிக்கு நாலு ஏக்கரு பொதுவுல இருந்துச்சாம். ஊரு பேசிருச்சு. தம்பிதான் நெலத்துக்கு ஆசைப்பட்டு அண்ணனை லாரியில தள்ளி விட்டுட்டான், அதை மறைக்கத்தான் இல்லாத காரைச் சொல்றான்னு. எவனும் பொண்ணு குடுக்கலை. தனியாளாவே இருந்துட்டாரு. நாச்சிமுத்து சம்சாரம், இந்தப் பொண்ணோட அம்மா, ராமாத்தா. அவங்களும் நம்பிட்டாங்க. ஒரே வாசல், நடுவுல சொவரு எழுப்பிட்டாங்க. அம்பத்தோரு வருஷமா ஒரு வார்த்தை பேசினதில்லை.

"நீங்க சொல்றது நெசம்னா, அந்தக் காரைப் பச்சையாக் கொண்டாந்து எங்கம்மா முன்னாடி நிறுத்துங்க. சித்தப்பா இன்னும் உசுரோட இருக்காரு"ன்னாங்க.

தம்பிகிட்டப் போயி எல்லாத்தையும் சொன்னேன். அவன் ஒடஞ்சு போயிட்டான். "நாலு மாசமா என்னைத் திருடன்னே. இப்ப அப்பாவைக் கொலைகாரன்கறே. நாளைக்கு யாரைச் சொல்லப் போறே?"ன்னு கேட்டான். நியாயமான கேள்விதானுங்க. செவப்பவே அடிச்சிரலாம், போட்டியும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம்னான். நான் சொன்னேன், "என்ற கையெழுத்து இல்லாம அந்தக் காரு உன்ற பேருக்கு மாறாது. பச்சை அடி. அடிச்சுட்டு மொதல்ல அங்க வா. அப்புறம் எங்க வேணாலும் கொண்டுபோ."

ஒரு வாரம் போனே எடுக்கலை. காரு சாம்பல் பூச்சோட நின்னுச்சு. சவரிராஜ் மட்டும் தினம் வந்து உக்காந்துட்டுப் போவாராம். ஒரு நாள் அவரே தம்பிகிட்டக் கேட்டிருக்காரு, "தம்பி, எந்தக் கலரு கலக்கட்டும்?"னு. இவன், "கம்பெனியில இருந்து எப்படி வந்துச்சோ, அப்படி"ன்னானாம்.

அந்தப் பச்சை கடையில கெடைக்கறதில்லை. பதினோரு தரம் கலக்கினாரு. தகரத் துண்டுல அடிச்சு, காய வெச்சு, வெய்யல்ல ஒரு தரம், நெழல்ல ஒரு தரம் பார்ப்பாரு. எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரிஞ்சுது. "இன்னும் கொஞ்சம் கருப்பு வேணுங்கம்மா. பார்த்தவரு ஒருத்தரு இருக்காரல்ல"ன்னாரு. அன்னிக்குத்தான் அவரை நான் மொத தடவையா "அண்ணா"ன்னு கூப்பிட்டேன்.

போன தை முடியறதுக்கு ஒரு வாரம் முன்னாடி கொண்டுபோனோம். தம்பி ஓட்டினான், சவரிராஜண்ணன் முன்னாடி. நான் பின்சீட்டுல.

சொவத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஊடு, அந்தப் பக்கம் ஒரு ஊடு. சொவரு முடியற எடத்துல, ரெண்டு வாசலுக்கும் நேரா தெருவுல கொண்டுபோயி நிறுத்தினான். ஊருப் பசங்க மொபைலை எடுத்துட்டு ஓடி வந்து போட்டோ எடுத்தாங்க. தெய்வசிகாமணி வெளிய வந்தாரு. வேட்டி, துண்டு, கையில குச்சி. பத்தடி தள்ளி நின்னுட்டாரு. கிட்ட வரவே இல்லை. காரோட மூக்குல இருந்து வால் வரைக்கும் பார்த்தாரு, திரும்ப வால்ல இருந்து மூக்குக்கு வந்தாரு. "இதுதான்"ன்னாரு. யாருகிட்டயும் சொல்லலை. அவருக்கே சொல்லிக்கிட்டாரு.

துளசிமணி உள்ள போயி அம்மாவைக் கைப்புடியாக் கூட்டிட்டு வந்தாங்க. வெள்ளைச் சீலை, நல்ல நெடுநெடுன்னு உருவம், பார்வை சுத்தமா இருக்குது. காரைச் சுத்தி ஒரு நடை நடந்தாங்க. அந்தப் பக்கம் நின்ன கொழுந்தனைத் திரும்பியும் பார்க்கலை.

நான் அவங்க முன்னாடி போயி நின்னேன். "எங்கப்பாதானுங்க ஓட்டுனாரு. நிறுத்தாம வந்துட்டாரு. காருக்குச் செவப்பு அடிச்சு மறைச்சுட்டாரு. நான் பின்னாடி உக்காந்திருந்தேன்." அத்தனை நாளா மனசுக்குள்ள சொல்லிச் சொல்லிப் பார்த்து வெச்சிருந்தேன், ஆனா சொல்றப்ப நாலு வார்த்தையில முடிஞ்சு போச்சு.

ராமாத்தா காரு மேல விரலை வெச்சுத் தேய்ச்சாங்க. மோந்து பார்த்தாங்க.

"பெயிண்டு வாசனை இன்னும் போகலை. புதுசா அடிச்சிருக்கீங்க."

"ஆமாங்க. ஆனா..."

"சொவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் அடிக்கச் சொன்னானா? இதுக்கு உங்களுக்கு என்ன குடுத்தான்?"

அவங்க கேட்டது அத்தனையும் சரி. பெயிண்டு யாரு வேணாலும் எப்ப வேணாலும் அடிக்கலாம். அம்பது வருஷத்துப் பச்சையைச் சொரண்டி வழிச்சுப் போட்டுட்டு, நேத்து அடிச்ச பச்சையைக் கொண்டாந்து சாட்சி சொல்றோம். பறக்கும் படையில நான் போயிருந்தா, நானே ஏத்துக்கமாட்டேன். தம்பி தலையைக் குனிஞ்சுட்டான். தெய்வசிகாமணி குச்சியை ஊணித் திரும்பி அவரு ஊட்டுப் பக்கம் நடக்க ஆரம்பிச்சுட்டாரு.

அப்ப சவரிராஜண்ணன் டிக்கியைத் தொறந்தாரு. மூடியோட உள்பக்கம் இன்னும் செவப்பாவே இருந்துச்சு. நானே அதைப் பார்க்கலைங்க. "கலரு ஒப்புப் பார்க்கறதுக்கு இதை மட்டும் தொடாம வெச்சிருந்தேன்"னாரு. "பாட்டீம்மா, இது புதுசு இல்லீங்க. எப்படி வேணாலும் பாருங்க. கொஞ்சம் தண்ணி குடுங்க."

துளசிமணி ஒரு குண்டாவுல கொண்டாந்தாங்க. அவரு பெயிண்டு தேய்க்கற உப்புத்தாளை நனைச்சு ராமாத்தா கையில குடுத்தாரு. "நான் தேய்க்கலைங்க. நீங்களே தேயுங்க."

அவங்க என்னை ஒரு தரம், அவரை ஒரு தரம் பார்த்துட்டுத் தேய்க்க ஆரம்பிச்சாங்க. வயசானாலும் காட்டு வேலை செஞ்ச கை. மொதல்ல செவப்பா தண்ணி எறங்குச்சு. முழங்கை வரைக்கும் வழிஞ்சு சொட்டுச்சு. அடுத்தாப்புல சாம்பல். கரைச்ச திருநீறாட்டம். அவங்க நிறுத்தலை. மூச்சு வாங்குது, மக கையைப் புடிக்கறாங்க, தட்டி விட்டுட்டுத் தேய்க்கறாங்க. அப்புறம் கையில பச்சை எறங்குச்சு.

தாளைக் கீழ போட்டாங்க. விரலை வெச்சு அந்தப் பச்சைத் தண்ணியை வழிச்சுக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோயிப் பார்த்தாங்க. என்னையப் பார்க்கலை, காரையும் பார்க்கலை. அழுகையும் இல்லை. அப்புறம் தலையைத் தூக்கிச் சொவத்துக்கு அந்தப் பக்கம் பார்த்தாங்க. அவரு ஊட்டு வாசலுக்குப் போயிட்டாரு, முதுகு மட்டும் தெரியுது.

"வெய்யல்ல எங்க போறீங்க. வந்து ஒருவாய் சாப்புட்டுட்டுப் போங்க"ன்னாங்க.

தெய்வசிகாமணி நின்னாரு. திரும்பி ராமாத்தாவைப் பார்க்கலைங்க. தனக்கு ரெண்டு பக்கமும், தெருவுல வேற யாரு நிக்கறாங்க, யாரைக் கூப்புடறாங்கன்னு பார்த்தாரு.